கிறித்தவ மோனச் செபமும் 'இருத்தல்' என்னும் சொல்லும்

வழிபாடு என்ற அளவில் வாழ்த்தும் வேண்டுதலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் வாழ்த்தும் வேண்டுதலும் ஓய்ந்த பின்னர், ஒன்றும் கேளாது, ஒன்றும் கூறாது, இறைவன் திருமுன் வாளாது இருக்கும் நிலை ஒன்று கிறித்தவ நெறியில் தொன்றுதொட்டு உண்டு. இதனை மேலைத் திருச்சபையினர் இலத்தீன் மொழியில் கொந்தெம்பிளாசியோ என வழங்கினர். கீழைத் திருச்சபையினர் கிரேக்க மொழியில் எசிக்கியா, அஃதாவது அமைதி, என்றனர். இதற்குத் தமிழில் யாது பெயர்? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பற்றிய இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவது அன்று. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். இப்பகுதியில் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த கத்தோலிக்கரும் உளர். அமெரிக்க ஆர்க்காட்டு மிசனின் வழிவந்த சீர்திருத்தச் சபையினரும் உளர். ஆர்க்காட்டு லுத்தரன் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் உளர். இவர்தம் வழிபாடுகள் பெரும்பாலும் பாட்டும் படிப்பும் மன்றாட்டுமாகவே நடைபெறுகின்றன. ஆதலின் கண்மூடி வாய்பேசாது ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்திருப்பின், 'இவர் வேறு நெறி புகுந்தார்' என அயலார் ஐயுறுவதும், 'யாம் செய்வது செபந்தானோ?' எனப் பயில்வோர் தாமே மயங்குவதும் உண்டு. அவர்தம் மயக்கத்துக்கு, அவர்கள் கையில் உள்ள சொற்களும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சொற்களை முதற்கண் நோக்குவாம். கத்தோலிக்கர் 'செபம்' என்பர். சீர்திருத்தச் சபையார் 'ஜெபம்' என்பர். இரண்டும் ஜபம் என்னும் வடசொல்லினின்று போந்தவை. முணுமுணுத்தல், மெல்ல ஓதுதல் என்பனவே அவ்வடசொல்லின் அடிப்பொருள். மன்றாட்டு, வேண்டுதல், விண்ணப்பம், தோத்திரம் என்னும் ஏனைய சொற்களும் வாயின் தொழிலையே குறிப்பன. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூற்பெயரில் அமைந்த வணக்கம் என்னும் சொல் ஒன்றே உடலின் தொழிலைச் சுட்டுகிறது. எனினும் அந்நூலும் மனப்பாடம் செய்து ஓதுதற்குரிய செபங்களையும் கோட்பாடுகளையும் கொண்டதேயாகும்.

எஞ்சியிருப்பன தியானம், ஞான ஒடுக்கம் என்னும் இரு வழக்குகள். இவ்விரண்டும் விரிவாக ஆராய்தற்கு உரியன.

மேலைநாட்டுத் துறவியர் மறைநூலைப் பயிலும் முறையில் நான்கு படிகளை வகுத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்னும் கார்த்தூசியத் துறவி இவற்றைத் துறவியரின் ஏணி என உருவகித்து ஒரு சிறு நூல் யாத்தார். வாசித்தல், வாசித்ததனை மனத்திற்கொண்டு அசைபோடுதல், அதனால் எழும் வேட்கையை இறைவனிடம் வேண்டுதல், பின்னர் அனைத்தும் ஓய்ந்து இறையின்பத்தில் தங்குதல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதன் இலத்தீன் பெயர் மெதித்தாசியோ. நான்காவதன் பெயர் கொந்தெம்பிளாசியோ. முன்னது சிந்தனை நிகழும் இடம்; பின்னது சிந்தனை ஓயும் இடம்.

இதனைக் காணும் தமிழ் மாணவர்க்குச் சைவ சித்தாந்தம் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கும் உடனே நினைவுக்கு வரும். மூன்றாம் படியில் இரண்டும் ஒத்துச் செல்லவில்லை. வேண்டுதல் வேறு, தெளிதல் வேறு. ஆயினும் இரண்டாவதும் நான்காவதும் பெரிதும் ஒத்துள்ளன. அங்ஙனமாயின் மெதித்தாசியோவைச் சிந்தித்தல் என்றும், கொந்தெம்பிளாசியோவை நிட்டை என்றும் பெயர்த்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. மெதித்தாசியோவுக்குத் தியானம் என்னும் பெயர் நிலைபெற்றது. இயேசுவின் பாடுகளை ஒவ்வொன்றாக மனக்கண்முன் கொணர்ந்து எண்ணுதல் தியானம் எனப்பட்டது. செபமாலையின் மறைநிகழ்ச்சிகளை எண்ணுதலும் தியானம் எனப்பட்டது. சில சபைகளில் மறைநூற் பகுதி ஒன்றனை விரித்துரைக்கும் சொற்பொழிவும் தேவசெய்தித் தியானம் எனப்படுகிறது. யோக நூலாரோ தியானம் என்பதனைத் தாரணைக்கு மேலதாய்ச் சமாதிக்கு வாயிலாய் வைத்தனர். ஒரே சொல் கிறித்தவர்க்கு எண்ணுதலையும் யோகியர்க்கு எண்ணம் ஒடுங்குதலையும் குறிக்கலாயிற்று. இதனால் விளைந்தது யாதெனின், எண்ணம் ஒடுங்கும் செபத்தைக் கூறப் புகுந்த கிறித்தவ ஆசிரியர்க்குச் சொல் இல்லாமற் போயிற்று. 'ஆழ்நிலைத் தியானம்' என அடைகொடுத்து எழுதுவாரும் உளர். அத்தொடர் வேறொரு பயிற்சி முறைக்குப் பெயராக ஊரறிய வழங்குவதால் ஐயத்தை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது.

ஞான ஒடுக்கம் என்பது இதனினும் சுவையுடைய வழக்கு. குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் சில நாள் உலகியல் அலுவல்களை விட்டு ஓரிடத்தில் தங்கி, பேச்சைக் குறைத்துத் தம்மை ஆய்ந்து செபிக்கும் பயிற்சியைக் கத்தோலிக்கர் இங்ஙனம் வழங்கினர். ஒடுக்கம் என்பது சைவ, வேதாந்த மரபுகளில் ஆழ்ந்த பொருளுடைய சொல். கண்ணுடைய வள்ளலார் இயற்றிய 'ஒழிவிலொடுக்கம்' என்னும் நூலின் பெயரே இதற்குச் சான்று. அந்நூலை 1851-ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் தென்னார்க்காட்டு மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகள் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. புலன் ஒடுங்குதல், மனம் ஒடுங்குதல், முடிவில் தான் ஒடுங்குதல் என்னும் படிகள் எல்லாம் இச்சொல்லில் அடங்கும். இத்தகைய சொல்லைக் கிறித்தவர் எடுத்துக்கொண்டும், அதன் மேற்பொருளை மட்டும், அஃதாவது ஊரைவிட்டு ஒதுங்கியிருத்தலை மட்டும், பெரிதும் பயன்கொண்டனர். இன்று அச்சொல்லும் அருகி, தியானம் என்பதே அதன் இடத்தையும் பற்றிக்கொண்டது. சொல் அருகியது ஓர் இழப்பே என்று நாம் கருதுகிறோம்.

இனி, சொல்லை விடுத்துப் பொருளை நேரே தேடிச் சென்ற ஒருவரைக் காண்பாம். அவர் சென்ற இடம் நாம் மேற்கூறிய நிலப்பகுதிக்கு அண்மையிலேயே உள்ளது.

பிரெஞ்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகிய ஆன்றி லெ சோ என்பார் 1948-ஆம் ஆண்டில் தமிழகம் வந்தார். அவர்க்கு முன்னரே, 1939-இல், ஜூல் மொன்ஷனேன் என்னும் பிரெஞ்சுக் குரு திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்துக்கு வந்து சிற்றூர்களில் பணிபுரிந்துகொண்டிருந்தார். இருவரும் 1950-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பு ஒன்றில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். காவியுடை, மரக்கறியுணவு, தரையில் அமர்ந்து செபித்தல் எனத் தமிழ்நாட்டுத் துறவியர் வாழ்வை அவர்கள் மேற்கொண்டனர். லெ சோ, அபிஷிக்தானந்தர் என்னும் பெயரால் பின்னர் அறியப்பட்டார்.

அதற்கு முன்னரே, 1949-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண முனிவரைக் கண்டிருந்தனர். முனிவர் பேசாமையாலேயே உணர்த்துபவர். கல்லாலின் கீழ் இருந்து வாய்வாளாமையால் உணர்த்திய இறைவனைப் பற்றிய மரபை அறிந்த நமக்கு அது புதிதன்று. பிரித்தானி நாட்டு மடமொன்றில் நாள்தோறும் ஏழு வேளை திருப்பாடல்களை இசைத்துப் பழகிய துறவிக்கோ, அது வாழ்வையே புரட்டிய காட்சியாயிற்று. இரமணர் 1950-இல் மறைந்த பின்னரும் அவர் அருணாசலத்துக் குகைகளில் பலமுறை சென்று தங்கினார்.

இவ்வாறு திரிந்த நாளில்தான், 1955-ஆம் ஆண்டு டிசம்பரில், திருக்கோவலூரை அடுத்த தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டார். திருக்கோவலூர் அன்று தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளது. விழுப்புரம் சந்திப்பினின்று காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில், திருவண்ணாமலைக்கு முன்னதாக அவ்வூர் வரும். மழையிரவில் இடைகழி ஒன்றில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் நெருங்கி நின்று, நான்காமவர் ஒருவர் தம்மை நெருக்குதலை இருளிலேயே உணர்ந்தனர் என வைணவ மரபு கூறும் ஊர் அது. கபிலர் உயிர்நீத்த ஊரும் அதுவே. அவர் வடக்கிருந்தார் என்பது பலர் கருத்து. தீப்பாய்ந்தார் என்பது அவ்வூர்க் கோயிற் கல்வெட்டின் கூற்று.

ஞானானந்தர்பால் அபிஷிக்தானந்தர் கொண்டு சென்றவை வினாக்கள். அத்துவிதம் உண்மையோ, துவிதம் உண்மையோ என்பன போன்றவை அவை. ஞானானந்தர் அவ்வினாக்களால் பயனில்லை எனத் தள்ளி, உள்ளே புகுதல் ஒன்றனையே மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு மீண்டும் தபோவனம் சென்று அவர் தங்கினார். அவ்வாண்டின் இறுதியில் கும்பகோணத்து மௌன மந்திரில் ஒரு திங்களுக்குக் குறையாமல் முழு மௌனம் காத்தார். ஞானானந்தரைப் பற்றிப் பின்னர் அவர் எழுதிய பிரெஞ்சு நூல் 1970-இல் வெளிவந்தது. அதில் தம்மை வன்யா என்னும் புனைபெயரால் படர்க்கையிற் கூறிக்கொள்கிறார். தன்மையிற் கூறக் கூசியதற்குத் துறவியின் அடக்கம் ஒரு காரணமாகலாம். 'யான்' எனத் தொடங்கும் வாக்கியத்தால் அவ்வனுபவத்தைக் கூறவியலாமை மற்றொரு காரணமாகலாம் என்பது நம் ஊகம்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடு தலைதூக்கியது. மொன்ஷனேன் மௌனத்துக்குப் பகைவர் அல்லர். சொல்லுக்கு அப்பாற்பட்ட இறைமையை அவரும் நாடினார். எனினும் அத்துவித அனுபவத்தில் தோழர் முழுகிச் செல்லுதல் அவர்க்கு அச்சம் தந்தது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மும்மையில் அன்பு உண்டு. அன்புக்கு இருவராவது வேண்டும். யாவும் ஒன்றில் ஒடுங்குமாயின் அன்பு செய்வார் யார்? செய்யப்படுவார் யார்? இதுவே அவர்தம் வினாவின் சாரம். 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் மொன்ஷனேன் பாரிசு நகரில் காலமானார். வினா தீர்ந்தபாடில்லை. அபிஷிக்தானந்தரும் தம் இருதிறப் பற்றினையும் விடாமலே, ஒன்றனால் மற்றொன்றனை மறுக்காமலே, 1973-இல் இந்தூரில் உயிர்நீத்தார்.

பயிற்சி என்னும் அளவில் இச்செபம் மிக எளியது, எளியதாதலின் அரியது. முதுகு நிமிர அமர்தல், கண்ணை மூடுதல், சிறு சொல் ஒன்றனை அல்லது இயேசுவின் பெயரை உள்ளத்தே மெல்ல இடையறாது நினைதல், வேறு எண்ணம் எழுந்துழி அதனோடு பொராது மீண்டும் அச்சொல்லுக்கே வருதல் என்பனவே முறை. காலையும் மாலையும் இருபது அல்லது முப்பது மணித்துளி போதும் என்பர். எண்ணத்தை விரட்ட முயல்வதும் ஓர் எண்ணமே ஆதலால் அதனை ஆசிரியர்கள் விலக்குவர். ஒன்றும் நிகழவில்லையே என வருந்துதலும் விலக்கப்படும். நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யோவான் காசியன், எகிப்தியப் பாலைநிலத் துறவியரிடம் கேட்டவற்றைத் தொகுத்தபோது, திருப்பாடல் ஒன்றன் ஒரே அடியை எந்நிலையிலும் விடாது நினைந்திருக்கும் இம்முறையை விரித்து எழுதினார். செபத்தின் தொடக்கம் சொல்லாகவும் முடிவு சொல்லின்மையாகவும் அமைதலின், ஜபத்தின் அடிப்பொருளும் இதில் ஓரளவு நிற்கிறது எனலாம்.

காசியனின் முறை அண்மைக் காலத்தில் மேலைநாட்டினர்க்கு மீண்டும் அறிமுகமான வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கு உண்டு என்பது பலரும் அறியாதது. 1950-களில் மலாயாவில் ஆங்கில அரசின் அலுவலராய் இருந்த யோவான் மெயின் என்பார், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய மலாயாத் தமிழராகிய சுவாமி சத்தியானந்தரைக் கண்டார். சுவாமிகள் அவர்க்குத் தியானம் கற்பித்தார். மாணவர் கிறித்தவர் ஆதலின், கிறித்தவச் சொல் ஒன்றனையே மந்திரமாகக் கொள்ளச் செய்தார். பின்னர் மெயின் ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தபோது, அம்முறை கிறித்தவமன்று என அதனைக் கைவிடுமாறு பணிக்கப்பெற்றார்; கைவிட்டார். பல்லாண்டு கழிந்து காசியனைப் படித்தபோதே, தாம் கோலாலம்பூரில் கற்றது தம் மரபிலும் பழமையானதே என்று கண்டார். 1982-இல் அவர் மறைந்தார். 1968 முதல் சாந்திவனத்தை நடத்திவந்த பீட் கிரிபித்சு அடிகள் உரையாற்றிய 1991-ஆம் ஆண்டுக் கருத்தரங்கில், மெயின் வழியினரின் உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. தண்ணீர்ப்பள்ளியும் கோலாலம்பூரும் அங்ஙனம் ஓரிடத்துக் கூடின.

மேற்சொன்ன ஐயத்துக்கு உரோமைத் திருச்சபையின் மறுமொழி, 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாளிட்ட மடலில் உள்ளது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் அம்மடல் கீழைநாட்டு முறைகளை முற்றும் விலக்கவில்லை. உடலை அமர்த்துவதனால் எழும் இதத்தைத் தூய ஆவியின் அருளென மயங்கலாகாது என எச்சரிக்கிறது. கிறித்தவச் செபம் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே நிகழும் ஆள்முறைச் சந்திப்பு என வற்புறுத்துகிறது. சாரத்தில் இது மொன்ஷனேன் எழுப்பிய வினாவே. பேச்சின்மையும் வேண்டும், இருவரும் வேண்டும் எனின், அத்தகு நிலை ஒன்று உண்டோ? உண்டெனின் அதற்குப் பெயர் யாது?

இவ்விடத்தே தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர் அறிந்தோ அறியாமலோ செய்த ஒரு சொற்றேர்வைக் காட்டுதல் தகும். எபிரேய எண்முறைப்படி 46-ஆம் திருப்பாடலில் இறைவன் தன் மக்களை அமைதியுற்றுத் தன்னை அறியுமாறு பணிக்குமிடத்து, சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'அமர்ந்திருந்து' என்கிறது. எலியா மலையில் கேட்ட மெல்லிய ஒலிக்கும் 'அமர்ந்த' என்பதே அடை. அமர்தல் என்பது அடங்குதல், உட்காருதல் என்னும் பொருள்களோடு விரும்புதல் என்னும் பொருளும் உடையது. தொல்காப்பிய உரியியல் அதனை மேவற் பொருட்டாகக் கூறும். ஆகவே அமர்ந்திருத்தல் என்பதில் அடக்கமும் இருக்கையும் விருப்பமும் ஒருங்கே உள. வேறு மொழிகளில் மூன்று சொற்களாற் கூற வேண்டியதனைத் தமிழ் ஒரு சொல்லாற் கூறுகிறது.

அச்சொல்லின் துணைவினையாகிய 'இரு' இன்னும் நுட்பமானது. உளதாதலும் அதற்குப் பொருள். ஓரிடத்து அமர்தலும் பொருள். வடக்கிருத்தலிலும் சும்மாவிருத்தலிலும் காத்திருத்தலிலும் அவ்வினையே நிற்கிறது. இவற்றுள் சும்மாவிருத்தல் தாயுமானவர் முதலியோர் மரபில் தான் அற்ற நிலைக்குப் பெயராயிற்று. மொன்ஷனேன் அஞ்சியது இதனையே. ஆயின் அகத்திணை மரபில் இருத்தல் என்பது முல்லைக்கு உரிப்பொருள். பிரிந்து சென்ற தலைவன் குறித்த பருவத்தே வருவான் என்னும் சொல்லைத் தேறி, தலைவி ஆற்றியிருத்தல் அது. நெய்தற்குரிய இரங்கல் ஆண்டு இல்லை. மருதத்துக்குரிய ஊடலும் இல்லை. தலைவனை விளித்துப் புலம்புதலும் இல்லை. அவன் கண்ணெதிரே இல்லாமையால் அவனோடு பேச்சும் இல்லை. எனினும் அவள் தனியள் அல்லள். அவள் இருப்பு முழுவதும் அவனை நோக்கியே நிற்கிறது. பேச்சின்மையும் உண்டு, இருவரும் உண்டு. மௌனத்தில் அன்புக்கு இடம் யாதென வினவிய மொன்ஷனேனுக்குத் தமிழ் இலக்கணம் தரும் விடை இதுவாகலாம்.

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் தகாது. முல்லைத் தலைவி மானிடக் காதலி. அவள் மேற்கொண்டது செபம் அன்று. முல்லையைப் பத்திப் பொருளில் ஆளுதல் ஆழ்வார் முதலியோர் பாடல்களில் உண்டெனினும், அவர்தம் தலைவி பெரும்பாலும் இரங்குபவளே. ஆற்றியிருப்பவள் அருகியே காணப்படுவாள். கிறித்தவப் புலவரும் இவ்வுரிப்பொருளைப் பெரிதும் எடுத்தாண்டிலர். ஆயினும் மக்கள் வழக்கு இதனை முற்றும் மறந்ததன்று. 'ஆண்டவர் சமுகத்தில் காத்திருத்தல்' என்பது சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் இன்றும் வழங்கும் தொடர். பெந்தெகொஸ்தே சபையார் நடத்தும் கூட்டம் ஒன்றற்குக் காத்திருப்புக் கூட்டம் என்றே பெயர். அக்கூட்டங்கள் தெருக்கோடி வரை கேட்கும் ஓசையோடு நடப்பது வேறு செய்தி. சொல் செயலினும் ஆழமாகச் சென்றிருக்கிறது என்பதே ஈண்டு வேண்டுவது.

மெயின் தம் மாணவர்க்குப் பரிந்துரைத்த மந்திரத்தையும் இவ்வொளியில் நோக்கலாம். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் இறுதியில் பவுலடியார் மொழிபெயர்க்காமல் விட்ட அரமாயச் சொல் அது: மாரநாதா. நான்கு அசைகளையும் ஒத்த அளவினவாக, மா, ர, நா, தா என நினைதல் வேண்டும் என்பது மெயினின் முறை. அச்சொல்லை இரு வகையாகப் பிரிக்கலாம் என்பர் அரமாயம் அறிந்தோர். ஒரு வகையில் 'எம் ஆண்டவரே, வாரும்' என்றும், மற்றொரு வகையில் 'எம் ஆண்டவர் வந்துவிட்டார்' என்றும் பொருள்படும். ஒலி ஒன்றே, பிரிப்பு மட்டும் வேறு. முல்லைப் பாட்டுகளில் தலைவி கார் வந்துவிட்டதெனக் கலங்க, தோழி இது காரன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த வம்ப மாரியே எனத் தேற்றும் துறை ஒன்று உண்டு. வந்ததும் வரவேண்டியதும் ஒரே மேகத்தில் நிற்கும் அத்துறையை அறிந்த தமிழ் மாணவர்க்கு, மாரநாதா என்னும் சொல்லின் இருபொருளை விளக்க நீண்ட உரை வேண்டுவதில்லை.